நூற்றுக்கு நூறு, ஆனால் எத்தனை பேருக்கு? நீலகிரி அரசுப் பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கைப் படிப்பது எப்படி

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் நீலகிரியில் இரண்டு பட்டியல்கள் சுற்றும். ஒன்று நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிகள், இன்னொன்று தேர்ச்சி சரிந்த பள்ளிகள். போன வருடம் முதல் பட்டியலில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி இந்த வருடம் இரண்டாவதில் நிற்கும். அதே ஹெச்.எம்., அதே ஆசிரியர்கள், அதே கட்டடம். ஒரே வருடத்தில் அப்படி என்ன கெட்டுப்போனது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. போன வருடத்து நூறும் அவ்வளவு பெரிய சாதனையாக இருந்திருக்காது. மலையில் உள்ள ஒரு சின்ன அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைத் தீர்மானிப்பதில் பாடம் நடத்துவதற்கு உள்ள பங்கு, பலர் நினைப்பதைவிடக் குறைவு. வகுப்பில் எத்தனை பேர், அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், தேர்வுக்கு முன்பே யார் யார் காணாமல் போனார்கள் என்பவைதான் அந்த எண்ணை மேலும் கீழும் இழுக்கின்றன.

முதலில் அடிப்படைகள்

உயர்நிலைப் பள்ளி என்றால் 10ஆம் வகுப்பு வரை. மேல்நிலைப் பள்ளி என்றால் 12 வரை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்கள், மொத்தம் 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. நான்கு பாடத்தில் 90 எடுத்துக் கணக்கில் 33 எடுத்த பிள்ளை தேறவில்லை. ஐந்திலும் சரியாக 35 எடுத்த பிள்ளை தேறிவிட்டது. இந்த வித்தியாசம் சதவீதத்தில் எங்குமே தெரியாது.

தேர்ச்சி விகிதம் என்பது தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. 'எழுதியவர்கள்' என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாநில அளவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023ல் 91.39, 2024ல் 91.55, 2025ல் 93.80 சதவீதம். 2024ல் அரசுப் பள்ளிகள் 87.90, அரசு உதவி பெறும் பள்ளிகள் 91.77, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 97.43. அரசுக்கும் தனியாருக்கும் இடையே ஒன்பதரைப் புள்ளி. 'பார்த்தீர்களா, தனியாரில் சொல்லித் தருவது அந்த அளவுக்கு மேல்' என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு ஏன் நிற்காது என்பது போகப்போகத் தெரியும்.

நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது உண்டு உறைவிடப் பள்ளிகள். 1858ல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்றவை. அங்கே படிப்பவர்களில் பலர் இந்த மலையின் பிள்ளைகளே அல்லர். அந்தப் பள்ளி சிபிஎஸ்இ என்பதால் மாநில வாரியத்தின் கணக்குக்குள்ளும் வராது. அதை ஓரமாக வைத்துவிடலாம்.

இருபது பேர் படிக்கும் வகுப்பு

சமவெளியில் ஒரு நகரத்து மேல்நிலைப் பள்ளியில் 200 பேர் பத்தாம் வகுப்பு எழுதுவது சாதாரணம். மலைக் கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 20 பேர் எழுதினாலே போதும் என்ற நிலை உண்டு. 200 பேரில் ஒருவர் தவறினால் விகிதம் அரைப் புள்ளி குறையும். 20 பேரில் ஒருவர் தவறினால் ஐந்து புள்ளி குறையும். பரீட்சை அன்று ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் 'தரம்' 100லிருந்து 95க்கு வந்துவிடும்.

இதை இன்னும் கொஞ்சம் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தேறும் வாய்ப்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தல் வருடா வருடம் துளியும் மாறவில்லை. அப்போதும்:

1. 20 பேரும் தேறி 'சென்டம்' வரும் வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம். சுமாராக எட்டு வருடத்தில் ஒரு முறை.

2. 16 பேரோ அதற்கும் குறைவாகவோ தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 13 சதவீதம். அதாவது, அதே எட்டு வருடத்தில் ஒரு முறை பள்ளி 80 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இறங்கும்.

3. இதே 90 சதவீத வாய்ப்போடு 200 பேர் எழுதினால் முடிவு பெரும்பாலும் 86க்கும் 94க்கும் நடுவில்தான் நிற்கும். நூறும் வராது, எண்பதும் வராது.

ஆக, 'சென்டம்' பட்டியலிலும் 'சரிவு' பட்டியலிலும் சின்னப் பள்ளிகளே அதிகம் தென்படுவது இயல்பு. பாராட்டுக் கேடயமும் விளக்கம் கேட்கும் கடிதமும் ஒரே பள்ளிக்கு அடுத்தடுத்த வருடங்களில் போவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். மூன்று வருடத்தைச் சேர்த்து 60 பேராகப் பார்த்தால் ஆட்டம் கணிசமாகக் குறையும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

யார் படிக்கிறார்கள்

மலையின் சமூகக் கலவை சமவெளி மாவட்டங்களைப் போன்றது அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நீலகிரியில் பட்டியல் சாதியினர் 32 சதவீதம். மாநில அளவில் 20 சதவீதம். பழங்குடியினர் இங்கே 4.46 சதவீதம், மாநிலத்தில் 1.1. எழுத்தறிவு 85.20 சதவீதம், மாநில சராசரியான 80.09ஐ விட மேல். கடைசி எண்ணைப் பார்த்து 'படித்த மாவட்டம்' என்று சொல்லிவிடுவார்கள். அது சராசரி. அந்தச் சராசரிக்குள் பட்டதாரிகள் நிறைந்த ஹட்டியும் (படுகர் சமூகத்தின் ஊர்) இருக்கிறது, பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பணியர் பழங்குடிக் குடியிருப்பும் இருக்கிறது.

பள்ளிப் பதிவேட்டில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்கள் நீலகிரியில் பாதியைத்தான் காட்டுகின்றன.

1. எஸ்.டி. என்ற ஒரே கட்டத்துக்குள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பேரையும் அடைத்துவிடுகிறோம். மாநிலத்தில் மிகவும் நலிந்த பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் வாழ்பவைதான். கோத்தர் வீடுகளிலும் தோடர் வீடுகளிலும் பட்டதாரிகளும் அரசு ஊழியர்களும் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியரிலும் காட்டுநாயக்கரிலும் பத்தாம் வகுப்பு வரை வருவதே இன்றைக்கும் பெரிய காரியம். 'எஸ்.டி. தேர்ச்சி இத்தனை' என்ற ஒற்றை எண் இவர்களில் யாரைப் பற்றியும் சரியாகச் சொல்லாது.

2. படுகர் பட்டியல் பழங்குடியினர் அல்லர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பள்ளிக்கூடத்தை முன்னமே பிடித்துக்கொண்ட சமூகம். பச்சைத் தேயிலை விலை தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்த பிறகு ஊட்டி, குன்னூர், கோவை என்று நகர்ந்த குடும்பங்கள் அதிகம். நகர்ந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பிள்ளைகளின் படிப்பு.

3. தாயகம் திரும்பிய தமிழர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய டேன்டீ, அதாவது அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் வளர்ந்த மூன்றாம் தலைமுறை இப்போது பள்ளியில் இருக்கிறது. மாவட்டத்தின் பட்டியல் சாதி விகிதம் இவ்வளவு உயர்ந்து நிற்பதில் இவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெரும் பங்கு.

4. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் மலையாளம் பேசும் குடும்பங்கள், கன்னடம் பேசுவோர், மவுண்டாடன் செட்டிகள். அண்மைக் காலமாகத் தோட்ட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் வீட்டு மொழி தமிழ் இல்லை என்ற வகுப்பறைகள் மலையில் உண்டு. படுகு, தோடா, கோத்தா, பணியர் மொழி, மலையாளம், இந்தி. இவர்கள் அனைவரும் எழுதுவது ஒரே தமிழ்த் தாள், பெரும்பாலும் தமிழ் வழியில் மற்ற நான்கு பாடங்கள். அறிவியலில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அறிவியல் வரவில்லையா, கேள்வியின் தமிழ் புரியவில்லையா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜன்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழிக்கக் கூடலூர் ஜன்மம் நிலச் சட்டம் 1969ல் வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வழக்கில் கிடக்கும் நிலங்களில் குடியிருக்கும் பலருக்கு மின் இணைப்பு கிடைப்பதே தீராத பிரச்சினையாக இருந்துவருகிறது. இருட்டிய பிறகு படிக்க விளக்கு இல்லாத பிள்ளையின் மதிப்பெண்ணும், ஊட்டி நகரத்தில் டியூஷன் போகும் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒரே சராசரியில் போய்ச் சேருகின்றன.

எல்லோரும் ஏறினாலும் மொத்தம் இறங்கும்

குழப்பத்தின் மையம் இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, எந்தப் பள்ளியுடையவையும் அல்ல.

ஐந்து வருடம் முன்பு ஒரு பள்ளியில் 40 பேர் தேர்வு எழுதினார்கள். 30 பேர் பெற்றோரே பள்ளிப்படிப்பை முடித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் 27 பேர் தேறினார்கள், 90 சதவீதம். மீதி 10 பேர் பள்ளிப்படிப்பைத் தொடும் முதல் தலைமுறை. அவர்களில் 6 பேர் தேறினார்கள், 60 சதவீதம். மொத்தம் 33 பேர், 82.5 சதவீதம்.

இந்த வருடம் 30 பேர் எழுதினார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் 10 பேர்தான் மிச்சம், மற்றவர்கள் மெட்ரிக் பள்ளிக்கோ கோவைக்கோ போய்விட்டார்கள். பத்துப் பேரும் தேறினார்கள், 100 சதவீதம். முதல் தலைமுறைப் பிள்ளைகள் 20 பேர். 14 பேர் தேறினார்கள், 70 சதவீதம். மொத்தம் 24 பேர், 80 சதவீதம்.

இரண்டு பிரிவிலும் தலா பத்துப் புள்ளி முன்னேற்றம். பள்ளியின் விகிதமோ இரண்டரைப் புள்ளி சரிவு. ஆசிரியர்கள் உண்மையில் முன்பைவிட நன்றாக வேலை செய்திருக்கிறார்கள். பேப்பரில் வருவது 'தேர்ச்சி சரிந்தது'.

நீலகிரியில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ல் 7,62,141. 2011ல் 7,35,394. தமிழ்நாட்டிலேயே அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது. போனவர்கள் எல்லாச் சமூகத்திலிருந்தும் சம விகிதத்தில் போகவில்லை. வசதியும் படிப்பும் கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். இங்கேயே இருந்தவர்களிலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தனியாருக்குப் போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களும் தனியார் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் கிடைக்கும். எட்டாத தூரத்தில் இருப்பவர்களும், கட்ட முடியாதவர்களும் அரசுப் பள்ளியில் மிஞ்சுகிறார்கள். மேலே சொன்ன ஒன்பதரைப் புள்ளி வித்தியாசத்தில் எவ்வளவு கற்பித்தலால் வந்தது, எவ்வளவு ஆள் சேர்க்கையால் வந்தது என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது.

வகுக்கும் எண் எது?

இப்போது 'எழுதியவர்கள்' என்பதற்கு வருவோம். ஆறாம் வகுப்பில் 30 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புக்குள் 10 பேர் குறைந்துவிட்டார்கள். அவர்களில் 4 பேர் டி.சி. வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்கள், 6 பேர் படிப்பையே நிறுத்தியவர்கள். மீதி 20 பேரில் ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. 19 பேர் எழுதி 18 பேர் தேறினார்கள்.

அரசு அறிவிக்கும் விகிதம்: 19க்கு 18, அதாவது 94.7 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 30க்கு 18, 60 சதவீதம். டி.சி. வாங்கியவர்களைக் கழித்துப் பார்த்தால் 26க்கு 18, 69.2 சதவீதம். மூன்றும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பள்ளியை நம்பி வந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் மூன்றாவதுதான் கிட்டத்தட்ட நேர்மையான பதில். முற்றிய இலையை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை எடைக்குக் கொண்டுபோய் 'எங்கள் தோட்டத்தில் எல்லாம் கொழுந்துதான்' என்று சொல்வது போலத்தான் முதல் எண்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழகம் 2023 மார்ச்சில் பார்த்தது. பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. சட்டமன்றம் வரை பேசப்பட்டது. மே மாதம் முடிவு வந்தபோது தேர்ச்சி 94.03 சதவீதம். வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

மலையில் பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் எட்டாம் வகுப்பை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் இதை மாற்றியபோதும் மாநிலம் மாற்றவில்லை, அது சரியான முடிவும்கூட. ஆனால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் முதல் முறையாகச் சுவரில் மோதுகிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பல எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. ஒன்பதுக்கு வேறு ஊர், வேறு விடுதி, தெரியாத முகங்கள். காபி பறிப்பு, மிளகு, இஞ்சி வேலைக்குக் குடும்பத்தோடு வயநாடு, குடகுப் பக்கம் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை அப்படியே விட்டுவிடுவதும் இந்த வயதில்தான்.

ஒரே ஒரு கணக்கு ஆசிரியர்

சின்ன உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், மொத்தம் ஐந்து பேர். பெரிய பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போனால் இன்னொருவர் சமாளிப்பார். இங்கே அவர் போனால் ஆறிலிருந்து பத்து வரை யாருக்கும் கணக்கு இல்லை. சமவெளியிலிருந்து வரும் ஆசிரியர் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கேட்பது மனித இயல்பு. காலியிடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வருவார், வரும்போது அரையாண்டு நெருங்கியிருக்கும். இதோடு தென்மேற்குப் பருவமழையில் ஆட்சியர் விடும் விடுமுறை நாட்கள், மண்சரிவில் நிற்கும் பஸ், யானை நடமாட்டம் இருக்கும் பாதையில் காலை எட்டு மணிக்கு முன் கிளம்ப முடியாத பிள்ளைகள்.

எண்ணைத் துரத்தினால் நடப்பது

1. மெல்லக் கற்போர் என்று பிரித்து, 35 வாங்கத் தேவையான கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பிள்ளை தேறும். பிளஸ் ஒன் முதல் பருவத்திலேயே திணறும்.

2. 'இவன் எழுதினால் சென்டம் போய்விடும்' என்ற பேச்சு வரும். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்வது எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. இந்தப் பேச்சில் முதலில் அடிபடுவது நீண்ட விடுப்பு எடுத்த பழங்குடிப் பிள்ளை.

3. ஒரு மோசமான வருடம் வந்தால் வண்டி வசதி உள்ள பெற்றோர் பிள்ளையை மாற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சேர்க்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படுகிறது. சேர்க்கை குறைந்தால் 'உபரி' என்று ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். அடுத்த முடிவு இன்னும் மோசமாகும். 20 பேர் வகுப்பின் தற்செயலான ஒரு சரிவு, மூன்றே வருடத்தில் நிஜச் சரிவாகிவிடும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான். அந்தக் கூட்டத்தில் 'ஏன் நூறு வரவில்லை' என்று ஹெச்.எம்.மை மடக்குவதற்குப் பதில் இவற்றைக் கேட்கலாம்.

1. இந்த வருடம் பத்து எழுதிய தொகுப்பு, ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்? ஒன்பதில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண் இருக்கிறது, டி.சி. வாங்கியவர் வேறு பள்ளியில் சேர்ந்தாரா என்பது அதில் தெரியும்.

2. மூன்று வருடத்து முடிவைச் சேர்த்தால் என்ன வருகிறது? பாடவாரியாக எங்கே தவறுகிறார்கள்? மூன்று வருடமும் கணக்கிலேயே தவறினால் அது பிள்ளைகளின் குறை அல்ல, பணியிடத்தின் குறை.

3. தவறியவர்களில் எத்தனை பேர் துணைத்தேர்வு எழுதித் தேறினார்கள்? மே மாத விகிதத்தில் இவர்கள் சேர்வதில்லை. துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்து பஸ் ஏற்றிவிடும் ஆசிரியருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

4. தேறியவர்கள் எங்கே போனார்கள்? உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிகிறது. பிளஸ் ஒன்னுக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி 15 கிலோமீட்டர் தள்ளி, மாலை கடைசி பஸ் நான்கரைக்கு என்றால் பெண் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி வழியில் படித்து முடித்தவர்களை மனதில் வைத்து வந்தவை. பத்தில் சென்டம் காட்டிய பள்ளியிலிருந்து பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் பாதிப் பேர்தான் என்றால், அந்த ஊர் கேட்க வேண்டியது பள்ளியைத் தரம் உயர்த்தச் சொல்லி ஒரு மனுவும், ஐந்தரை மணிக்கு ஒரு பஸ்ஸும்.